இருட்டச்சத்துக்கு விளையாட்டே மருந்து

இருளைக் கண்டு அஞ்சாத குழந்தை உண்டா? பகலெல்லாம் தெருவையே கலக்கும் சிறுவன்கூட, விளக்கு அணைந்ததும் தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்கிறான். கொல்லைப்புறம் போக வேண்டுமென்றால் துணைக்கு ஆள் தேடுகிறான். "இவ்வளவு பெரிய பையனுக்கு என்ன பயம்?" என்று வீட்டார் சிரிக்கின்றனர்.

சிரிக்க வேண்டிய செய்தி அன்று இது. நெதர்லாந்து நாட்டு உளவியலாளர் பீட்டர் மியூரிஸும் அவருடைய குழுவினரும் 4 முதல் 12 வயது வரையுள்ள 176 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2001இல் வெளியிட்டனர். 100க்கு 73 குழந்தைகள் தமக்கு இரவு அச்சம் உண்டு என்று கூறினர். வயது ஏற ஏற அச்சம் குறையும் என்றுதானே நினைக்கிறோம்? அந்த ஆய்விலோ 4 முதல் 6 வயதுக் குழந்தைகளைவிட 7 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. வளர்ந்த பிள்ளைகளின் அச்சத்தைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். அதாவது, பல குழந்தைகள் வெளியே சொல்லாமல் அஞ்சிக்கொண்டு படுத்திருக்கின்றன.

இவ்வச்சத்தைப் போக்க மனிதன் கையாண்ட வழிகள் பல. மிரட்டல், கேலி, தாயத்து, மந்திரிப்பு என்று அப்பட்டியல் நீளும். ஆனால் கடந்த 300 ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், விளையாட்டு என்ற ஒரே வழி மீண்டும் மீண்டும் பலனளித்து வந்திருப்பதைக் காணலாம். அவ்வழி இன்று கணிப்பொறித் திரை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

மலையின் இருள்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, ஏறத்தாழ 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயரமுடையது. கோமுகி ஆறு இம்மலையில்தான் பிறக்கிறது. முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆயிற்று. மலையில் வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். இவர்கள் கேரள மக்கள் அல்லர், தமிழ் பேசுபவர்கள், மலையை ஆள்பவர் என்ற பொருளில் இப்பெயர் வழங்குகிறது என்பர். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இம்மலைக்குச் சாலையும் பள்ளியும் மின்விளக்கும் சமவெளிக்கு வந்ததைவிடத் தாமதமாகவே வந்தன.

இத்தகைய மலையூரில் இருள் என்பது நகரத்து இருள் போன்றதன்று. அமாவாசை இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் நீட்டிய கை தெரியாது. மேலும், அங்குள்ள குழந்தைகள் பலர் வீட்டில் உறங்குவதுமில்லை. அரசினர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். முதல் வகுப்புக்கு வந்த குழந்தை, தாயின் அருகாமை இன்றி, புதிய கூரையின் கீழ் இரவைக் கழிக்க வேண்டியுள்ளது. இரவு அச்சத்தால் உறக்கம் கெட்ட குழந்தை மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும். சில குழந்தைகள் படுக்கையை நனைத்துவிட்டு வெட்கப்படும். சில, பள்ளியே வேண்டாம் என்று ஊர் திரும்பிவிடவும் கூடும். ஆகவே இருட்டச்சம் சிறு செய்தி அன்று. ஒரு குழந்தையின் படிப்பையே மாற்றிவிடக் கூடியது அது.

அச்சம் ஏன் பிறக்கிறது?

இருளைக் கண்டு அஞ்சுவது கோழைத்தனம் அன்று. உயிரியல் காரணம் உடையது. மனிதன் பகலில் இயங்கும் விலங்கு. வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சென்றால் நம் விழித்திரை முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கிறது. அதுவரை நாம் பாதிக் குருடர். 1997இல் கிறிஸ்டியன் கிரிலோன் என்ற ஆய்வாளரும் அவர்தம் துணைவர்களும் ஒரு சோதனை செய்தனர். திடீரென்று ஓர் உரத்த ஒலி கேட்டால் மனிதன் திடுக்கிட்டுக் கண்ணை இமைக்கிறான் அல்லவா? அத்திடுக்கீடு இருட்டறையில் மிகுதியாவதை அவர்கள் கண்டனர். எலியிடம் இதே சோதனையைச் செய்தால் முடிவு தலைகீழாகிறது. இரவில் இரைதேடும் எலி, பேரொளியில்தான் மிகுதியாகத் திடுக்கிடுகிறது! எந்த உயிருக்கு எது பாதுகாப்பற்ற நேரமோ, அந்த நேரத்தில் அதன் உடல் விழிப்பாக இருக்கிறது.

சார்லஸ் டார்வின் இதை முன்பே ஊகித்தார். தம் மகனின் வளர்ச்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1877இல் 'மைண்ட்' என்ற இதழில் வெளிவந்தது. விலங்குக் காட்சிசாலையில் பெரிய விலங்குகளைக் கண்டு அச்சிறுவன் அஞ்சினான். அதுவரை எந்த விலங்கும் அவனுக்குத் தீங்கு செய்ததில்லை. அப்படியானால், பண்டை மனிதன் உண்மையான ஆபத்துகளை எதிர்கொண்ட காலத்தின் எச்சமோ இவ்வச்சம் என்று டார்வின் வினவினார்.

இதனுடன் குழந்தையின் கற்பனையும் சேர்கிறது. சிறு குழந்தைகள் கனவைத் தம் தலைக்குள் நிகழ்வதாகக் கருதுவதில்லை. அறைக்குள் உண்மையாகவே நடப்பதாக எண்ணுகின்றனர் என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே 1920களில் காட்டினார். எனவே "அது வெறும் கனவு" என்று நாம் கூறும் ஆறுதல் நான்கு வயதுக் குழந்தைக்கு ஆறுதலாகாது.

பூச்சாண்டியும் அப்பூச்சியும்

இயற்கை தந்த அச்சம் போதாதென்று பெரியவர்கள் வேறு அதற்கு எண்ணெய் ஊற்றுகின்றனர். சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி. உறங்க மறுத்தால் மூன்று கண்ணன். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்துக்கு எழுதிய புகழ்பெற்ற பாடலில், மரத்து உச்சியில் பேய் ஆடுவதாகச் சொல்லி விளையாடச் செல்லும் பிள்ளைகளை மிரட்டும் வழக்கத்தைக் கண்டித்தார். இங்கிலாந்தில் ஜான் லாக் என்ற தத்துவ அறிஞர் 1693இலேயே இதே கண்டனத்தை எழுதியிருந்தார். வேலைக்காரர்கள் குழந்தைகளைப் பூதக்கதை சொல்லி அடக்குவதால், இருளும் பூதமும் அவர்கள் மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வளர்ந்த பின்னும் பிரிவதில்லை என்பது அவர் கருத்து.

ஆனால் தமிழ் மரபில் மற்றொரு பக்கமும் உண்டு. பெரியாழ்வார் திருமொழியில் 'அப்பூச்சி காட்டுதல்' என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே அஞ்சுவது குழந்தை அன்று. கண்ணனாகிய குழந்தைதான் அப்பூச்சி காட்டி மற்றவரை அச்சுறுத்துகிறது! பார்ப்பவர் அஞ்சுவதுபோல் நடிக்கின்றனர், குழந்தை மகிழ்கிறது. நம் வீடுகளில் கண்ணிமையை மடித்துக் காட்டும் பிள்ளைகளும் இதையே செய்கின்றன. பூச்சாண்டிக்கு அஞ்சும் குழந்தை, தானே பூச்சாண்டி ஆகும்போது அச்சம் கைமாறிவிடுகிறது. இந்த நுட்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் உளவியலார் இதையே வேறு பெயரில் கண்டுபிடிக்கப் போகின்றனர்.

ரூசோவின் இரவு விளையாட்டு

லாக் நோயைக் கண்டித்ததோடு மருந்தும் சொன்னார். தவளையைக் கண்டு அலறும் குழந்தைக்கு, முதலில் தொலைவில் தவளையைக் காட்டுக. பழகியபின் அருகே கொணர்க. பிறர் கையில் அதைக் காணட்டும். இறுதியில் தானே தொடட்டும் என்றார். படிப்படியாகப் பழக்குதல் என்ற இந்தக் கொள்கை, 20ஆம் நூற்றாண்டில் மருத்துவ முறையாயிற்று.

பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ ஒரு படி மேலே சென்றார். 1762இல் வெளிவந்த 'எமீல்' என்ற கல்வி நூலில், இருட்டச்சத்துக்கு மருந்தாக இரவு விளையாட்டுகளைப் பரிந்துரைத்தார். பெரிய இருட்டறை ஒன்றில் மேசை, நாற்காலி, தட்டி ஆகியவற்றால் வளைந்து வளைந்து செல்லும் வழிகளை அமைக்க வேண்டும். அதனுள் பல பெட்டிகள். அவற்றுள் ஒன்றில் மட்டும் மிட்டாய். அது எங்கே இருக்கிறது என்ற அடையாளத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். தவறான பெட்டியைத் தூக்கி வருபவன் வெளிச்சத்தில் திறந்து பார்த்தால், பஞ்சின்மேல் பத்திரமாக வைத்த ஒரு வண்டோ நத்தையோ கரித்துண்டோ இருக்கும்! எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள். அச்சிரிப்பின் நினைவு அடுத்த முறை இருட்டுக்குள் போகும்போது துணையாக வரும் என்பது ரூசோவின் நம்பிக்கை. குழந்தையை இருட்டறையில் அடைத்துத் துணிவு வரவழைக்க முயல்வதை அவர் அறவே வெறுத்தார்.

முகமூடிகளைப் பற்றியும் அவர் எழுதினார். முதலில் இனிய முகமூடி. எல்லோரும் சிரிக்க, குழந்தையும் சிரிக்கும். பிறகு சற்றே கடுமையானது. இவ்வாறு படிப்படியாகச் சென்றால் கோரமான முகமூடியையும் குழந்தை சிரித்துக்கொண்டே பார்க்கும் என்றார்.

இதைப் படிக்கும் கள்ளக்குறிச்சிப் பகுதி வாசகர்களுக்குத் தெருக்கூத்து நினைவுக்கு வரலாம். கூத்தில் முரட்டு வேடம் திடீரென்று நம்முன் குதிப்பதில்லை. இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பர். திரைக்கு மேலே முதலில் கிரீடம் தெரியும். பின்பு குரல் கேட்கும். கால் சலங்கை ஒலிக்கும். வேடத்தின் ஒரு பகுதி தோன்றி மறையும். கடைசியில்தான் திரை விலகும். அப்போதும் கட்டியங்காரன் அருகிலேயே நின்று அந்த மாவீரனையே கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். சிறிது சிறிதாகக் காட்டுதல், கூடவே சிரிப்பு என்ற ரூசோவின் இரு விதிகளும் இங்கு இருக்கின்றன. தாயின் மடியில் விழித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள், நள்ளிரவில் ஊர் நடுவே, அரக்கனின் முழக்கத்துக்கு இடையிலேயே பாயில் படுத்து உறங்கிவிடுவது கூத்து நடக்கும் ஊர்களில் காணக்கூடிய காட்சி. நிலாக் காலத்தில் ஆடும் கண்ணாமூச்சியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இருளில் ஒளிபவனுக்கு இருள் பகையாக இருப்பதில்லை, கூட்டாளியாகிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் அச்சம்

அச்சத்தைக் கணக்கெடுத்து ஆராயும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால், 1,701 பேரின் அச்சங்களைத் திரட்டி 1897இல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்.

1920இல் ஜான் வாட்சன், ரோசலி ரேய்னர் இருவரும் ஒரு சோதனை செய்தனர். 'சிறுவன் ஆல்பர்ட்' எனப்படும் 11 மாதக் குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டி, அதே நேரத்தில் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியால் அடித்துப் பேரொலி எழுப்பினர். சில முறை இவ்வாறு செய்த பின், ஒலி இல்லாமலே எலியைக் கண்டு குழந்தை அலறியது. அச்சத்தைக் கற்பிக்க முடியும் என்பது தெரிந்தது. ஆனால் கற்பித்த அச்சத்தை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர். இன்று எந்த அறக்குழுவும் அனுமதிக்காத கொடுமை இது.

அச்சத்தைக் கற்பிக்கலாம் என்றால், அதை மறக்கவும் கற்பிக்கலாம் அல்லவா? மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய ஆய்வு 1924இல் வெளிவந்தது. பீட்டர் என்ற சிறுவனுக்கு ஆய்வின் தொடக்கத்தில் வயது 2 ஆண்டு 10 மாதம். முயலைக் கண்டாலே அஞ்சுவான். அவன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தின்று கொண்டிருக்கும்போது, கூண்டில் முயலைத் தொலைவில் வைத்தனர். நாளுக்கு நாள் அதைச் சற்றே நெருக்கினர். முயலோடு அஞ்சாமல் விளையாடும் பிற குழந்தைகளையும் அவனுடன் இருக்கச் செய்தனர். இறுதியில் தன் விரல்களை முயல் கொறிக்கவும் பீட்டர் இடம் கொடுத்தான்.

இந்த ஆய்வில் மற்றொரு பயனும் இருந்தது. அச்சம் போக்கும் பல வழிகளை ஜோன்ஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். முயல் நல்லது என்று பேசிப் புரியவைத்தல் போதவில்லை. பிற பிள்ளைகளை விட்டுக் கேலி செய்யச் சொல்லுதல் பலிக்கவில்லை. முயலைக் கண்ணில் காட்டாமலே வைத்திருந்தால் மறந்துவிடுவான் என்பதும் நடக்கவில்லை. இனிய அனுபவத்தோடு சேர்த்துப் பழக்குவதும், அஞ்சாத பிற குழந்தைகளைப் பார்த்துக் கற்பதுமே பலனளித்தன. ஜெர்சில்ட், ஹோம்ஸ் ஆகியோர் பெற்றோரிடம் விசாரித்து 1935இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்திருந்தது. கட்டாயப்படுத்துவதும் கேலி செய்வதும் பயனற்றவை. அஞ்சும் பொருளைத் தானே கையாளும் திறமையைக் குழந்தைக்குத் தருவதே பயனுடையது என்பது அதன் முடிவு.

வீட்டுக்குள் வந்த மருந்து

இதன்பின் இருட்டச்சத்தையே குறிவைத்த ஆய்வுகள் தோன்றின. 1962இல் லாசரஸ், அப்ரமோவிட்ஸ் என்ற உளவியலாளர்கள், சூப்பர்மேன் போன்ற வீரர்களோடு குழந்தையையும் சேர்த்து ஒரு கதையை உருவாக்கினர். கதை நகர நகர, கதைக்குள் இருள் மெல்ல மெல்லச் சேர்க்கப்பட்டது. வீரனோடு நடக்கும் பெருமிதத்தில் அச்சம் கரைந்தது.

1975இல் கான்ஃபர், கரோலி, நியூமன் மூவரும் 5, 6 வயதுக் குழந்தைகள் 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு, தான் துணிவுள்ள பிள்ளை, இருட்டிலும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற பொருளுடைய சொற்களைச் சொல்லிப் பழகியது. இரண்டாவது குழு, இருட்டு நல்லது, இனியது என்று சொல்லிப் பழகியது. மூன்றாவது குழு ஒரு மழலைப் பாடலைச் சொன்னது. பிறகு ஒவ்வொருவராக இருட்டறையில் இருந்தபோது, முதற்குழுவினரே நெடுநேரம் தாக்குப்பிடித்தனர். இருளைப் பற்றிய எண்ணத்தை மாற்றுவதைவிடத் தன்னைப் பற்றிய எண்ணத்தை மாற்றுவதே வலிமையுடையது என்பதை இச்சிறு சோதனை காட்டிற்று.

1985இல் மேற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் வில்லியம் மிகுலஸும் அவருடைய குழுவினரும், ஒரு கதைப் புத்தகத்தையும் இருட்டில் ஆடும் விளையாட்டுகளையும் சேர்த்துப் பெற்றோர் கையில் கொடுத்தனர். மருத்துவர் இல்லாமலே, தாய் தந்தையர் வீட்டில் ஆடவைக்கும் விளையாட்டாக மருத்துவம் மாறியது. ரூசோவின் இருட்டறை 223 ஆண்டு கழித்து ஆய்விதழில் இடம் பெற்றது எனலாம்.

இஸ்ரேலிய அறிஞர் அவி சாதே மற்றொரு வழியைக் கண்டார். 2006ஆம் ஆண்டுப் போரில் அஞ்சிய சிறு குழந்தைகளிடம் ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைக் கொடுத்து, அது வருத்தமாக இருக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று கூறினர். காக்கப்பட வேண்டிய குழந்தை, காப்பாற்றும் பொறுப்பை ஏற்றதும் அச்சம் தணிந்தது. பின்னர் இரவு அச்சமுடைய குழந்தைகளிடமும் பொம்மை முறை பலன் தந்தது. அப்பூச்சி காட்டும் குழந்தையின் இரகசியம் இதுவேயன்றோ? அஞ்சுபவன் என்ற நிலையிலிருந்து செயல்படுபவன் என்ற நிலைக்குக் குழந்தை மாறுகிறது.

கணிப்பொறியில் ஒரு பேய் மாளிகை

இப்போது நம் காலத்துக்கு வருவோம். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் இசபெலா கிரானிக் என்ற பேராசிரியையின் குழு, 'மைண்ட்லைட்' என்ற கணினி விளையாட்டை ஆராய்ந்தது. மன ஒளி என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

கதை எளியது. ஒரு சிறுவன் தன் பாட்டியின் மாளிகை வாயிலில் விடப்படுகிறான். உள்ளே இருள், அச்சந்தரும் உருவங்கள். அவன் தலையில் ஒரு மாயத் தொப்பி இருக்கிறது. அதிலிருந்து ஒளி வீசும். ஆனால் அந்த ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ பொத்தான் கிடையாது. விளையாடும் குழந்தையின் தலையில் உண்மையாகவே ஓர் உணர்கருவி மாட்டப்படுகிறது. அது மூளையின் நுண்ணிய மின்னலைகளைப் பதிவு செய்து கணினிக்கு அனுப்புகிறது. குழந்தை மனத்தைத் தளர்த்தி அமைதியாக இருந்தால் திரையில் ஒளி பெருகும். பதறினால் ஒளி மங்கும். அச்சுறுத்தும் உருவத்தை விட்டு ஓடாமல், அமைதியாக அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது தீங்கற்ற பொருளாக மாறிவிடும். லாக் சொன்ன படிப்படியான பழக்கம், ஜோன்ஸ் செய்த இனிய சேர்க்கை, கான்ஃபர் கண்ட தன்னம்பிக்கை ஆகிய மூன்றும் ஒரு திரைக்குள் சேர்ந்திருக்கின்றன.

பலன் என்ன? அச்சமும் பதற்றமும் மிகுந்த, 7 முதல் 12 வயதுக் குழந்தைகள் 174 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பாதியினர் மைண்ட்லைட் ஆடினர். மறுபாதியினருக்கு உளவியலார் வழக்கமாகக் கையாளும் பேச்சு, பயிற்சி முறை தரப்பட்டது. இரு குழுவிலும் பதற்றம் ஒரேயளவு குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்நிலை நீடித்தது. உளவியல் மருத்துவர் எளிதில் கிடைக்காத இடங்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தியே.

ஆனால் அறிவியல் மாணவர்கள் இதற்கு முந்திய ஆய்வையும் அறிய வேண்டும். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், 136 குழந்தைகளுள் ஒரு சாரார் மைண்ட்லைட் ஆடினர். மறு சாரார், அச்சத்துக்கும் மூளை அலைக்கும் தொடர்பே இல்லாத, கடையில் விற்கும் சாதாரணக் கணினி விளையாட்டு ஒன்றை ஆடினர். வியப்பு என்னவென்றால், இரு சாராருக்கும் பதற்றம் ஒரேயளவு குறைந்தது! இதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். இது நமக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பு இருக்கலாம். விழுந்து எழுந்து கடைசியில் வென்றோம் என்ற உணர்வு இருக்கலாம். நாள் செல்லச் செல்ல இயல்பாகத் தணிந்ததாகவும் இருக்கலாம். தாம் உருவாக்கிய விளையாட்டு சிறப்பாக வெல்லவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்ட அவ்வாய்வாளர்களைப் பாராட்ட வேண்டும். விலையுயர்ந்த கருவிதான் மருந்து என்று நாம் முடிவு கட்டிவிடாமல் காப்பது இந்த ஆய்வே.

திரையே பூச்சாண்டி ஆகலாம்

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. "அழுகிறானே, செல்பேசியைக் கொடு" என்பது இன்று மலையிலும் சமவெளியிலும் கேட்கும் சொல். இது மருந்தன்று. அஞ்சும் குழந்தைக்குத் திரையைக் கொடுத்து அமைதிப்படுத்தினால், அது இருளைச் சந்திக்கவே கற்பதில்லை. முயலைக் கண்ணில் காட்டாமல் மறைத்து வைத்ததற்கு ஒப்பாகும். அந்த வழி பலிக்காது என்பதை ஜோன்ஸ் 1924லேயே கண்டார்.

இரண்டாவது கேடு உடல் சார்ந்தது. மாலையில் நம் மூளை மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரந்து உறக்கத்துக்கு ஆயத்தம் செய்கிறது. அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 10 பேரை உறங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பேரொளியில் இருக்கச் செய்தபோது, மெலடோனின் ஏறத்தாழ 88 சதவீதம் குறைந்தது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. செல்பேசியின் ஒளி அவ்வளவு கடுமையானதன்று. எனினும் குழந்தையின் கண் ஒளிக்கு மிகவும் கூர்மையானது என்பது இதனால் தெரிகிறது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தந்த அறிவுரை. மேலும், இரவு அச்சத்தின் ஊற்றுகளில் ஒன்றே திரையில் காணும் பேய்ப்படமும் கொலைச் செய்தியும்தான்.

எல்லா அச்சமும் நோயன்று

மற்றொன்றையும் மறக்கலாகாது. இருளில் உண்மையான ஆபத்தும் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன், தரையில் உறங்குவோரை இரவில் கடிப்பது வழக்கம். எனவே "இருட்டில் ஒன்றுமில்லை, போ" என்று கல்வராயன் மலைக் குழந்தையைத் தள்ளிவிடுவது தவறு. கைவிளக்கு, செருப்பு, கொசுவலை ஆகியவை வேண்டும்; பேய்க்கு அஞ்ச வேண்டாம், பாம்புக்கு எச்சரிக்கையாக இரு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தி சாய்ந்ததும் குழந்தை தடுமாறினால் மாலைக்கண் நோயா என்று மருத்துவரிடம் காட்டுக. வைட்டமின் 'ஏ' குறைவால் வரும் அந்நோயை அச்சம் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. பல வாரம் உறக்கமின்றி, பகலிலும் அச்சம் நீங்காத குழந்தைக்கும் மருத்துவ உதவி தேவை.

வீட்டிலும் விடுதியிலும் செய்யத்தக்கவை

மூளை அலைக் கருவி இல்லாமலே, கையிலுள்ள சாதாரணச் செல்பேசியைக் கொண்டு இவ்விதிகளை விளையாட்டாக்கலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, ஒலி விடுகதை. இரவில் கேட்கும் ஆந்தையின் அலறல், சில்வண்டின் இரைச்சல், தவளைக் கூச்சல், பல்லியின் சொல், கூரையில் காற்று ஆகியவற்றைப் பதிவு செய்துகொள்க. பகலில் பிள்ளைகளைக் கூட்டி, இது யார் என்று கேட்க. முதலில் வெளிச்சத்திலும், பிறகு அந்தியிலும், கடைசியில் விளக்கை அணைத்தும் ஆடுக. பெயர் தெரிந்த ஒலி பேயாக இராது.

இரண்டாவது, இரு படம். ஓர் அறையைப் பகலில் ஒரு படம், இரவில் அதே இடத்தில் ஒரு படம் பிடிக்கச் சொல்க. கொடியில் தொங்கும் சட்டை, மூலையிலிருக்கும் உரல், சுவரில் சாய்ந்த முறம் ஆகியவை இரவில் எப்படி உருமாறுகின்றன என்று பிள்ளைகளே கண்டு பட்டியலிடுவர். அதிக 'பூதங்களைக்' கண்டுபிடித்தவருக்குப் பரிசு!

மூன்றாவது, நிழற்கூத்து. செல்பேசியின் கைவிளக்கைச் சுவரில் பாய்ச்சி, விரல்களால் மானும் நாயும் கொக்கும் செய்து காட்டலாம். பிறகு குழந்தையே அரக்கனின் நிழலைச் செய்து பெரியவர்களை அச்சுறுத்தட்டும். நாம் அஞ்சி ஓடுவோம்.

விதி ஒன்றே. ஆட்டம் உறங்கும் நேரத்துக்கு நெடுநேரம் முன்னரே முடிய வேண்டும், எவரையும் கட்டாயப்படுத்தலாகாது, அஞ்சுபவனைக் கேலி செய்யலாகாது, ஒவ்வொரு நாளும் ஒரு சிறு படி முன்னேறினால் போதும். உறைவிடப் பள்ளியில் மூத்த மாணவர்கள் புதிய மாணவர்களுக்கு இதை ஆடிக் காட்டினால் இரட்டைப் பலன் உண்டு. சிறியவர் பெரியவரைப் பார்த்துக் கற்பர். பெரியவரோ, பொம்மையைக் காத்த குழந்தைபோல, காப்பாற்றும் பொறுப்பால் தம் அச்சத்தையும் மறப்பர்.

லாக்கின் தவளை, ரூசோவின் இருட்டறை, ஜோன்ஸின் முயல், கூத்தின் திரை, கணினியின் மாளிகை ஆகிய அனைத்தும் ஒரே உண்மையை வேறுவேறு காலத்தில் கூறின. குழந்தையின் வழியிலிருந்து இருளை முற்றிலும் அகற்றிவிட நம்மால் முடியாது. மின்சாரம் நிற்கும், அமாவாசை வரும், தாய் அருகில் இல்லாத இரவும் வரும். அந்த இரவில் குழந்தைக்குத் துணை நிற்பது, முன்பு ஒருநாள் இதே இருளில் சிரித்து விளையாடி வென்ற நினைவுதான். அந்த நினைவைத் தருவது கருவியா, கைநிழலா என்பது பெரிதன்று. விளையாட்டு முடிந்தபின் குழந்தை திரையைக் கீழே வைத்துவிட்டு, கொல்லைக் கதவு வரை தானே நடந்து செல்கிறதா என்பதே கேள்வி.